அம்மாவைப் பார்க்கப் போவதும் உல்லாசப் பயணமா?

2021இல் மார்ச் பிரேக் ஏப்பிரலுக்குப் போனது. அப்போதைய ஒன்ராறியோ கல்வி அமைச்சர் ஸ்டீபன் லெச்சே பெப்ரவரி 11ஆம் திகதி அதை அறிவித்தார். அந்த வருசம் ஏப்பிரல் 12இல் தொடங்கும் வாரம்தான் பிள்ளைகளுக்கு லீவு என்றானது. லீவு வந்தால் சனம் வெளிக்கிடும், சனம் வெளிக்கிட்டால் வருத்தம் பரவும் என்பதுதான் காரணம். அடுத்த நாளே மத்திய அரசாங்கத்தின் அறிவிப்பும் வந்தது. பெப்ரவரி 22, திங்கட்கிழமை முதல், விமானத்தில் கனடாவுக்கு வந்து இறங்குகிறவர்கள் அரசாங்கம் அனுமதித்த ஹோட்டலில் மூன்று இரவுக்கு முற்கூட்டியே காசு கட்டி அறை எடுக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் ஒரு பரிசோதனை. அதன் முடிவு வரும்வரை அந்த அறைதான். தொற்று இல்லை என்று வந்தால் வீட்டுக்குப் போய் மிச்ச நாட்களையும் சேர்த்து 14 நாள் தனிமை, கடைசிப் பக்கத்தில் இன்னொரு பரிசோதனை. செலவு முழுக்க எங்கட தலையில். 2,000 டொலருக்கு மேல் வரலாம் என்று அப்போதைய பிரதமரே சொன்னார்.

ஹோட்டல் பதிவு செய்யும் தொலைபேசி இலக்கம் அதற்கு முந்தின வியாழக்கிழமை திறந்தது. முதல் நாளே மணிக்கணக்காகக் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்து களைத்தவர்களின் கதைகள் செய்திகளில் வந்துவிட்டன.

எங்கட வீட்டிலும் ஒரு பயணம் குழம்பிப் போய்க் கிடந்தது. 2020 ஜனவரியில், கொரோனா என்ற சொல்லே எங்கட வாயில் வராத நேரம், யூலைக்கு நாலு பேருக்கு ரிக்கற் போட்டோம். அம்மாவுக்கு 84 வயது, வடமராட்சியில் இருக்கிறா. சின்னவள் அப்பம்மாவை நேரில் கண்டதே இல்லை. நல்லூர்த் திருவிழாவையும் பார்த்துக்கொண்டு மூன்று கிழமை நிற்கலாம் என்று திட்டம். மார்ச்சில் எல்லாம் மூடுப்பட்டது. காசு திரும்பி வரவில்லை, வவுச்சர் வந்தது. அது லாச்சிக்குள் கிடந்தது. இப்படி ஒரு வவுச்சர் இல்லாத தமிழ் வீடு அஜக்ஸிலும் மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தனிமைப்படுத்தல் தேவை. அதை எதிர்த்து இதை எழுதவில்லை.

டர்ஹம் பிராந்தியத்தில் இருக்கிற நாங்கள் அதை எதிர்க்கவும் ஏலாது. பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்ட உருமாறிய கொரோனா கனடாவில் முதன்முதலாக உறுதிப்பட்டது எங்கட டர்ஹமில்தான். 2020 டிசம்பர் 26ஆம் திகதி ஒரு தம்பதிக்கு அந்தத் தொற்று என்று அறிவித்தார்கள். அவர்கள் எங்கும் பயணம் போகவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிரித்தானியாவிலிருந்து வந்த ஒருவரோடு பழகியிருக்கிறார்கள் என்பது அடுத்த நாள்தான் தெரிய வந்தது. அதே வகை வைரஸ் பரியில் உள்ள ரொபேர்ட்டா பிளேஸ் முதியோர் இல்லத்துக்குள் புகுந்தது. சில கிழமைகளுக்குள் அங்கே 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்பே, 2020 வசந்தகாலத்தில், எங்களுக்குப் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஓர்ச்சர்ட் வில்லா இல்லத்தில் நடந்ததைப் பார்த்தோம். உதவிக்கு இராணுவமே வர வேண்டியிருந்தது. இப்படியான இல்லங்களில் இரவும் பகலும் வேலை செய்கிறவர்களில் எங்கட அக்காமாரும் அண்ணிமாரும் எத்தனையோ பேர். ஒரு பயணி கவனமில்லாமல் நடந்தால் யாருடைய வீட்டில் போய் முடியும் என்று எங்களுக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

ரொறன்ரோவுக்கும் இது புதிசில்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலைதான் நடுமையம். எங்கட சனம் பிள்ளைப்பேற்றுக்கும் காய்ச்சலுக்கும் போய்வந்த அதே வைத்தியசாலை. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். ரொறன்ரோவுக்கு அவசியமில்லாமல் போகாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே அந்த ஏப்பிரலில் எச்சரித்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 1872ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை மாற்றி 2005இல் புதிய தனிமைப்படுத்தல் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டு வந்தது. 2020 மார்ச் 25இல் 14 நாள் தனிமை கட்டாயம் என்று வந்ததும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். மீறினால் 750,000 டொலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

ஆகவே சட்டம் வேண்டும், கடுமையும் வேண்டும். என்னுடைய கேள்வி ஒரு சொல்லைப் பற்றியது: ‘அவசியமற்ற பயணம்.’

இந்தச் சொல்லுக்குள் அரசாங்கம் யார் யாரைப் போட்டிருந்தது என்று பாருங்கள். கன்கூனில் கடற்கரையில் படுத்திருந்து விட்டு வந்தவரும் இதற்குள் இருந்தார். அப்பாவின் கொள்ளி வைத்துவிட்டு வந்தவரும் இதற்குள் இருந்தார். இரண்டு பேருக்கும் அதே மூன்று இரவு, அதே பில். அவசியமில்லாமல் வெளிநாடு போய் வந்தவர்களுக்கு, தனிமையில் இருக்கும் நாட்களுக்கு, கிழமைக்கு 500 டொலர் நோய்க்கால உதவித்தொகை கிடையாது என்றும் 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். கடற்கரைக்குப் போனவருக்கு அது நியாயம்தான். தாயின் கடைசி மூச்சுக்குப் போனவர் எந்தப் பக்கம்?

எங்கட தொகுதியிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. அப்போதைய அஜக்ஸ் மாகாணசபை உறுப்பினர் ரொட் பிலிப்ஸ், ஒன்ராறியோவின் நிதியமைச்சராக இருந்தவர், 2020 டிசம்பர் 13ஆம் திகதி கரிபியன் தீவான சென் பார்ட்ஸுக்கு விடுமுறைக்குப் போனார். அப்போது எங்களுக்கெல்லாம் வீட்டை விட்டு வெளிக்கிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய அரசாங்கம்தான். நத்தாருக்கு முதல்நாள் அவருடைய வாழ்த்து வீடியோ வந்தது. வீட்டில் அடுப்பெரிய அதற்குப் பக்கத்தில் இருந்து, தியாகம் செய்கிற மக்களுக்கு நன்றி சொன்னார். அது முன்கூட்டியே எடுத்து வைத்த வீடியோ. ஆள் தீவில். டிசம்பர் 26 முதல் மாகாணம் முழுக்க முடக்கம் வந்தது. 31ஆம் திகதி பியர்சனில் வந்து இறங்கினார், அன்றைக்கே பதவி விலகினார். அவர் போனது தனக்குத் தெரிந்திருந்தது என்றும், உடனே திரும்பி வரச் சொல்லாதது தன் பிழை என்றும் முதல்வர் டக் ஃபோர்டும் ஒப்புக்கொண்டார்.

அவருக்கு வாக்குப் போட்ட தமிழர் எத்தனையோ பேர் அந்த நத்தாருக்குப் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற தமக்கை வீட்டுக்கும் போகாமல் இருந்தவர்கள்.

அதே நாட்களில் இன்னொரு செய்தியும் வந்தது. மனிற்றோபாவைச் சேர்ந்த அப்போதைய என்.டி.பி. நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கி ஆஷ்டன் கிரேக்கத்துக்குப் போயிருந்தார். அவருடைய பாட்டி கடும் சுகவீனம், அவவைப் பார்க்கத்தான் போனார். கட்சியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அவருடைய பொறுப்புகளைப் பறித்தார்கள். சொல்லாமல் போனது பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் என்ன செய்தன? தீவுக்குப் போன அமைச்சரையும், ஹவாய்க்குப் போன அல்பேர்ட்டா அமைச்சரையும், பாட்டியைப் பார்க்கப் போன இவவையும் ஒரே பட்டியலில், ஒரே வரிசையில் படம் போட்டன. ஒரு நாட்டின் பொதுக் கண்ணுக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால், விமான நிலையத்தில் நிற்கிற அதிகாரியிடம் எங்களால் எதை எதிர்பார்க்க ஏலும்?

புலம்பெயர்ந்தவனுக்குப் பயணம் என்றால் என்ன என்று இந்த நாட்டுக்கு நாங்கள் சரியாகச் சொல்லவில்லை என்றும் நினைக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்தவருக்குப் பெற்றோர் பீற்றர்பரோவிலோ கிங்ஸ்ரனிலோ இருப்பார்கள். கார் எடுத்தால் போய் முற்றத்தில் நின்று யன்னலுக்குள்ளால் கையாவது காட்டலாம். எங்களுக்கு அந்த முற்றம் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ‘ஊருக்குப் போறது’ என்பதை ஆங்கிலத்தில் ‘வெக்கேஷன்’ என்றுதான் லீவுப் படிவத்தில் நிரப்புகிறோம். அந்த ஒரு சொல்லாலேயே நாங்களும் கடற்கரைக் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறோம்.

கணக்கையும் ஒருக்கால் பாருங்கள். இலங்கை 2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையத்தைத் திரும்பத் திறந்தது. ஆனால் சுற்றுலாப் பயணியாகப் போகிறவர் முதல் 14 நாள் அனுமதி பெற்ற ஹோட்டல்களில்தான் தங்க வேண்டியிருந்தது. அவர்கள் அனுமதித்த சுற்றுலா இடங்களைப் பார்க்கலாம், ஆனால் சொந்த வீட்டுப் படியை மிதிக்கேலாது என்றிருந்தது. அங்கே 14 நாள், திரும்பி வந்து இங்கே 14 நாள், மொத்தம் 28. ஒன்ராறியோச் சட்டப்படி ஒரு வேலையில் ஐந்து வருசம் முடித்தவருக்கே குறைந்தபட்ச விடுமுறை மூன்று கிழமைதான். தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவருக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முதலே லீவு முடிந்து போயிருக்கும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஊருக்கு வெளிக்கிட்டவர் உல்லாசத்துக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

எங்கட தெருவில் ஒரு நண்பர். 2021 ஜனவரியில் அவருடைய தாயார் தென்மராட்சியில் மோசம் போனா. அங்கே நண்பகல் 12 மணிக்குக் கிரியை, இங்கே இரவு 1.30. நிலக்கீழ் அறையில் ரீவியில் நேரலையைப் போட்டுவிட்டு, வேட்டியோடு தனியப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படம் இடையில் நின்று நின்று வந்ததாம். தகனத்துக்கு எடுக்கிற நேரம் தொடர்பு அறுந்து, திரும்ப வரும்போது வீடு வெறுமையாம். நாங்கள் ஒருவரும் அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. கறியும் சோறும் கட்டிக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, தெருவில் நின்று தலையை ஆட்டினோம். “அண்ணை, வெளிக்கிட்டுப் போயிருக்கலாமோ?” என்று பிறகு கேட்டேன். “போய் என்ன, கொழும்பு ஹோட்டலில இருந்து இதே வீடியோவைத்தானே பாத்திருப்பன்” என்றார்.

அரசாங்கம் சொல்லக்கூடிய மறுமொழி எனக்குத் தெரியும். வைரஸுக்குப் போன காரணம் தெரியாது, செத்தவீட்டுக்குப் போனவருக்கும் தொற்றும், கடற்கரைக்குப் போனவருக்கும் தொற்றும். உண்மை. ஆனால் வைரஸுக்குக் காரும் தெரியாது, விமானமும் தெரியாது. அப்படியிருக்க, அமெரிக்காவிலிருந்து தரை வழியாகக் காரில் வந்தவருக்கு இந்த ஹோட்டல் விதி இருக்கவில்லை. அவர் பரிசோதனைச் சான்றோடு எல்லைக்கு வந்தார், அங்கே இன்னொரு பரிசோதனை, பிறகு நேரே வீட்டுக்குப் போய் 14 நாள் தனிமை. புளோரிடாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் காரில் வந்தவருக்கு ஹோட்டல் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு இருந்தது. எங்கட ஊருக்கு ரோட்டு இல்லை என்பதுதான் வித்தியாசம். லாகூர், மணிலா, லாகோஸ் என்று எந்த ஊரிலிருந்து வந்த குடியேறியவருக்கும் இதே நிலைதான் இருந்தது.

எனவே கேட்டது பெரிய விசயம் இல்லை. பெற்றோர், துணை, பிள்ளை, சகோதரம் என்ற நெருங்கிய உறவில் மரணமோ உயிராபத்தான வருத்தமோ என்று சான்று காட்டுகிறவருக்கு, காரில் வந்தவருக்கு இருந்த அதே முறையைக் கொடுங்கள் என்பதுதான். இறங்கின இடத்தில் பரிசோதனை, வீட்டில் 14 நாள் தனிமை, கடைசியில் மறு பரிசோதனை. உருமாறிய வைரஸுக்குப் பயந்து ஹோட்டல் கட்டாயம்தான் என்றால், இந்த ஒரு பிரிவினரிடமாவது காசு வாங்காதீர்கள், உதவித்தொகையையும் மறுக்காதீர்கள். பொய்க் கடிதம் கொண்டு வருவார்கள் என்ற பயம் இருந்தால் அதைத் தண்டிக்கச் சட்டத்தில் போதிய இடம் இருக்கிறது. விதிகளைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் எழுதி விமானம் ஏற முதலே கையில் கொடுங்கள். வயோதிபர் ஒருவர் நள்ளிரவில் பியர்சனில் இறங்கி ஆங்கிலப் படிவத்தோடு தனிய நிற்கக் கூடாது.

இது மத்திய அரசாங்கத்தின் அதிகாரம். 2021இல் அஜக்ஸின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மார்க் ஹொலண்ட், ஸ்காபரோ ரூஜ் பார்க் உறுப்பினராக இருந்த கரி ஆனந்தசங்கரி, இருவரும் ஆளுங்கட்சியில் இருந்தவர்கள். எங்கட வீடுகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பற்றி ஹைடுவிடம் இதைக் கொண்டுபோக வேண்டியது அவர்களுடைய வேலையாக இருந்தது. அவர்களுக்கு எழுத வேண்டியது எங்கட வேலையாக இருந்தது. நாலு வரி போதும்.

அரசாங்கத்தைக் கேட்கிற அதே வாயால் எங்கட சனத்திடமும் சிலதைக் கேட்க வேண்டும்.

2020 டிசம்பரில் புண்ட கானாவிலிருந்து எங்கட ஆட்களும் படம் போட்டவை. திரும்பி வந்து ஐந்தாம் நாள் கடையில் கண்டவர்களும் உண்டு. “ரெஸ்ற் நெகட்டிவ் தானே” என்பது சட்டமும் இல்லை, மருத்துவமும் இல்லை. 14 நாள் என்றால் 14 நாள்தான். 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து போன ஒரு போதகர் நடத்திய ஆராதனைக்குப் பிறகு அரியாலையில் எத்தனை குடும்பங்கள் அடைபட்டன, யாழ்ப்பாணம் முழுக்க எப்படி முடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. ‘வெளிநாட்டார் கொண்டு வந்த வருத்தம்’ என்ற பேச்சு அதோடுதான் ஊரில் தொடங்கினது. அந்தப் பெயரை இங்கேயும் அங்கேயும் நாங்கள் திரும்ப வாங்கத் தேவையில்லை.

இன்னொன்று. ஹோட்டல் தனிமையை ‘தடுப்பு முகாம்’ என்று சொல்லி வட்ஸ்அப்பில் சில செய்திகள் சுற்றின. வேறு யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போகட்டும், நாங்கள் சொல்லக் கூடாது. 2009இல் மெனிக் பாமில் முள்கம்பிக்குள் இருந்தவர்கள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். 2010இல் சன் சீ கப்பலில் வந்து இதே கனடாவில் மாதக்கணக்காக அடைபட்டிருந்தவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழரை மண்டபத்தில் தடுத்து வைத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். ‘குவாரன்ரைன்’ என்பது எங்கட வரலாற்றிலும் உள்ள சொல்தான். மூன்று இரவு ஹோட்டல் அறை அநியாய விலையாக இருக்கலாம், முகாம் இல்லை. பெரிய சொல்லைச் சின்ன விசயத்துக்குப் பாவித்தால், உண்மையான குறையைச் சொல்லும்போது ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பல பேர் இந்த விதிகளை எங்களை விட நன்றாக விளங்கி, வீட்டில் எங்களையும் கண்டிப்பாக நடத்தினீர்கள். மாஸ்க் போடாமல் வாசலுக்குப் போனால் சத்தம் போட்டீர்கள், நல்லது. ஆனால் அப்பாவோ அம்மாவோ இரவு இரண்டு மணிக்குப் போனோடு இருந்து அழுதால், “போகேலாது எண்டு தெரியும்தானே” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள். உங்கட நல்ல ஆங்கிலத்தில் அந்த நாலு வரிக் கடிதத்தையும் எழுதிக் கொடுங்கள்.

ஒரு ஞாயிறு அம்மாவோடு கதைக்கும்போது இந்த ஹோட்டல் விசயத்தைச் சொன்னேன். காசைக் கேட்டுத் திடுக்கிட்டா. “இரண்டாயிரமோ? அந்தக் காசுக்குப் பிள்ளையளுக்கு ஏதும் வாங்கிக் குடு. நான் எங்க போகப்போறன், வருத்தம் முடிய வா” என்றா. பிறகு போனைச் சின்னவளிடம் கொடுக்கச் சொன்னா. அவள் தன் அரைகுறைத் தமிழில், தான் இப்போது எவ்வளவு உயரம் என்று சுவரில் கையை வைத்துக் காட்டினாள். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா.

அந்த வவுச்சர் அந்த வருசமும் லாச்சிக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டேன். அம்மா சொன்னபடி, வருத்தம் முடியத்தான் போவேன் என்று முடிவெடுத்தேன். ஆனால் நடு இரவில் ஒரு போன் வந்து உடனே வெளிக்கிட வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். அப்படி வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வருகிறவரைக் கடற்கரையிலிருந்து வருகிறவராக இந்த நாடு நடத்தக் கூடாது. நான் அப்போதே மார்க் ஹொலண்டின் அலுவலகத்துக்கு எழுதினேன். நீங்களும் உங்கட உறுப்பினருக்கு எழுதுங்கோ.